வியாபாரம் குறைந்தது ஏன்? காரணம் காணும் முறை



கடையில் ஒரு மாதம் விற்பனை இறங்கிவிட்டால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இராது. "பெரிய கடை வந்துவிட்டது, இனி அப்படித்தான்" என்பார் ஒருவர். "மிளகாய்க்கு விலை இல்லை, சம்சாரி கையில் காசு இல்லை" என்பார் மற்றொருவர். "தறி ஓடவில்லை" என்பார் எமனேசுவரத்துக்காரர். "வரிதான் காரணம்" என்பார் கணக்குப்பிள்ளை. "கல்லாவை இடம் மாற்றி வைத்ததிலிருந்துதான் இப்படி" என்று வீட்டில் சொல்வார்கள். இவற்றில் ஒன்று சரியாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஒன்றுமே சரியில்லாமலும் போகலாம்.

இதில் எதை நம்புகிறோமோ அதை வைத்துத்தான் நாம் முதலைப் போடுகிறோம். பெரிய கடைதான் காரணம் என்று நம்பியவர் கடனை வாங்கிக் கண்ணாடி அலமாரியும் குளிர்சாதனமும் வைக்கிறார். உண்மைக் காரணம் மழையாக இருந்திருந்தால் அந்தக் கடனும் வட்டியும் வீண். காரணத்தைத் தவறாகக் கண்டவனுக்கு உழைப்பு எவ்வளவு இருந்தாலும் நட்டம்தான்.

சமூகத்தில் நடப்பவற்றுக்குக் காரணம் காண்பதற்கென்றே ஒரு முறை உண்டு. பொருளாதாரம், சமூகவியல் முதலிய துறைகளில் இருப்போர் அதனைக் கையாளுகிறார்கள். பெயரைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். உள்ளே இருப்பவை நாலு கேள்விகள்தாம். யாரைக் கேட்டோம்? எப்படிக் கேட்டோம்? எதோடு ஒப்பிட்டோம்? நம் எண்ணம் தவறு என்றால் அதை எது காட்டிக்கொடுக்கும்? இந்த நாலையும் மளிகைக் கடையில் இருந்துகொண்டே கேட்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போய்ப் பார்த்து எழுதியவர்கள்

நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் இந்த ஆய்வு முறைக்கும் நூறாண்டுத் தொடர்பு உண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். அந்நாளில் இந்தியக் கிராமங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வோர் மிகுதி. கிராமத்துக்குப் போய் வீடு வீடாகக் கணக்கெடுத்தோர் குறைவு. ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய் எழுதி வரச் சொன்னார். நிலம் யாருக்கு எவ்வளவு, கூலி என்ன, கடன் என்ன, மாடு எத்தனை என்று அவர்கள் எழுதி வந்தவை 1918இல் நூலாக வெளியாயின.

அந்த நூலில் வரும் கிராமங்களில் ஒன்று வடமலைபுரம். அன்று அது இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு விருதுநகர் பக்கம் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு ஆகியவையும் அந்த நூலில் உண்டு.

இந்த ஆய்வின் மதிப்பு ஒரு முறை பார்த்ததோடு முடியவில்லை. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வு நடத்தி, 1940இல் நூலாக்கினார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தினர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர்கள் போய் வந்தார்கள். ஒரே ஊரை ஒரே மாதிரிக் கேள்விகளோடு திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் நிலம் எப்படிக் கை மாறியது, கூலி எப்படி மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. "அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது" என்ற பேச்சுக்கும் எழுதி வைத்த கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம்மிடம் நாட்குறிப்பும் பேரேடும் உண்டு. ஸ்லேட்டரின் மாணவர்கள் வெயிலில் அலைந்து சேர்த்தது போன்ற செய்தி நம் கல்லாவுக்குக் கீழேயே கிடக்கிறது. வருமான வரிக்கு மட்டும் அதைத் திறக்கிறோம் என்பதுதான் குறை.

யாரைக் கேட்டோம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஆயிரம் குடும்பத்தைப் பற்றி அறிய ஆயிரத்தையும் கேட்க வேண்டியதில்லை, சிலரைக் கேட்டால் போதும் என்பதும் இதே கருத்துதான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. பானையைக் கிளறிவிட்டுத்தான் சோற்றை எடுக்க வேண்டும். அடியில் குழைந்து மேலே விதையாக இருக்கும் பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பவர் ஏமாறுவார்.

1936இல் அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு முன்னால் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று பத்திரிகை அறிவித்தது. முடிவில் 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். எங்கே பிசகியது? தொலைபேசிப் பட்டியல், கார்ப் பதிவு ஆகியவற்றிலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர் வசதியானவர். வசதியில்லாதவரின் எண்ணம் கணக்குக்குள் வரவே இல்லை. மேலும், அட்டையைத் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்துக்கொண்டவர் ஒரு ரகம், குப்பையில் போட்டவர் இன்னொரு ரகம். அதே தேர்தலில் கேலப் என்பவர் மிகக் குறைவான பேரை, எல்லா வகையினரும் இருக்கும்படி பார்த்துக் கேட்டுச் சரியாகச் சொன்னார். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் முடிவு சரியாகிவிடாது.

நம் கடையில் இது தினமும் நடக்கிறது. "நம்ம கடைச் சரக்கு எப்படி?" என்று கடைக்கு வருபவரிடம் கேட்கிறோம். அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். பிடிக்காதவர் கடைக்கே வருவதில்லை, அவரிடம் நாம் கேட்பதுமில்லை. பற்று வைத்திருப்பவர் கடனுக்காகவாவது நல்ல வார்த்தை சொல்வார். விலகிப்போனவரிடம் கேட்டால்தான் உண்மை தெரியும். பற்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, சென்ற ஆண்டு வாங்கி இந்த ஆண்டு வராத குடும்பங்களைக் குறித்து, அவர்களில் சிலரைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் சொல்வதே கண்ணைத் திறக்கும்.

சிலரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நமக்குத் தோன்றியவரைத் தேர்ந்தெடுத்தால் நமக்கு வேண்டியவரே வருவார். எல்லாப் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பதே நேர்மையான வழி. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் சபைக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. இன்றைய புள்ளியியலாளர் மாதிரி எடுப்பதற்குச் சொல்லும் சமவாய்ப்பு முறையின் அடிப்படையும் அதுவே. ஒவ்வொருவருக்கும் வர வாய்ப்பு ஒன்றுபோல் இருக்க வேண்டும்; நம் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையக் கூடாது.

எப்படிக் கேட்டோம்?

அடுத்தது கேட்கும் விதம். இதற்கு மளிகைச் செலவையே உதாரணமாகச் சொல்லலாம். நம் நாட்டில் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கியது. பேராசிரியர் மகலனோபிசின் முயற்சியால் வந்தது அது. குடும்பங்கள் என்ன வாங்கின, எவ்வளவு செலவிட்டன என்று அதில் கேட்பார்கள். நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்ற கணக்கு இந்தப் பதில்களிலிருந்தே வந்தது.

"கடந்த 30 நாளில் உணவுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்பதே நெடுங்கால வழக்கம். 30 நாள் நினைவிருக்குமா, 7 நாள் கேட்டால் மேலல்லவா என்ற ஐயம் எழுந்தது. 1994 முதல் 1998 வரை இதனைச் சோதித்தார்கள். குடும்பங்களை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவிடம் 30 நாள் கணக்கையும் மற்றப் பிரிவிடம் உணவுக்கு 7 நாள் கணக்கையும் கேட்டார்கள். 7 நாள் என்று கேட்ட பிரிவில் உணவுச் செலவு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக வந்தது! மக்கள் அதே மக்கள். சாப்பாடும் அதே சாப்பாடு. கேள்வி மாறியது, பதில் மாறியது. அந்த வேறுபாட்டில் நாட்டின் ஏழைகள் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

1999–2000 ஆய்வில் ஒரே குடும்பத்திடம் 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். ஒன்றைச் சொன்னவர் மற்றதை அதற்குப் பொருந்தச் சொல்லியிருக்கக்கூடும். ஏழைகள் விகிதம் 1993–94இல் 36 சதவீதம், இப்போது 26 சதவீதம் என்று அறிவிப்பு வந்ததும், இரண்டையும் ஒப்பிடலாமா கூடாதா என்று பொருளாதார அறிஞர்களிடையே பெரிய விவாதம் நடந்தது. உண்மையில் எவ்வளவு வறுமை குறைந்தது, கேள்வி மாறியதால் எவ்வளவு குறைந்ததுபோல் தெரிந்தது என்று பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது.

வணிகருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, நினைவிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்தது மேல். "போன வருடம் இதே நாளில் கூட்டம் அலைமோதியது" என்று நாம் சொல்வதும் நினைவுதான். நல்ல நாள் நெஞ்சில் நிற்கும்; சாதாரண நாள் மறந்துபோகும். இரண்டு, அளவு முறையை நடுவில் மாற்றினால் முன்னையதோடு ஒப்பிடக் கூடாது. சென்ற ஆண்டு கடன் விற்பனையைச் சேர்த்து எழுதி, இந்த ஆண்டு ரொக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, விற்பனை இறங்கிவிட்டது என்று கவலைப்படுவதில் பொருள் இல்லை.

எதோடு ஒப்பிட்டோம்?

நாலு கேள்விகளில் இதுவே முதுகெலும்பு. ஒரு காரியம் நடந்தது. அதன் பிறகு ஒரு விளைவு வந்தது. அதனால்தான் இது என்று உடனே முடிவு செய்துவிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். காக்கை உட்காத மரத்திலும் அன்று பழம் விழுந்ததா என்று பார்த்தவர் யார்? அப்படிப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஒப்பீடு.

இதற்குக் கடற்கரை வியாபாரத்திலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. வட கேரளத்தில் மத்தி மீன் வியாபாரத்தை ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். 1996 செப்டம்பர் முதல் 2001 மே வரை, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கரைச் சந்தைகளில், 300 மீன்பிடிக் குழுக்களிடம் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை கணக்கெடுத்தார்கள். அங்கிருந்த நிலைமை இதுதான்: படகு கரைக்கு வந்த பிறகே விலை தெரியும். ஒரு கரையில் மீன் குவிந்து வாங்க ஆளில்லாமல் போகும். சற்றுத் தள்ளி இன்னொரு கரையில் வியாபாரி மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புவார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் பிடித்த மீனைக் கொட்டிவிட்டார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் வேறு இரண்டு கரைகளில் 27 பேர் காசோடு நின்று மீன் கிடைக்காமல் இருந்தார்கள்.

பிறகு செல்போன் வந்தது. கடலில் இருந்தபடியே கரைக்குப் பேசி, எங்கே விலை நன்றாக இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். கரைக்குக் கரை இருந்த பெரிய விலை வேறுபாடு சுருங்கியது. முன்பு 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக் கொட்டப்பட்ட மீன் ஏறத்தாழ இல்லாமற்போனது. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

இங்கே நாம் கேட்க வேண்டியது: செல்போன்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? அந்த ஐந்து ஆண்டில் மழை மாறியிருக்கும், டீசல் விலை மாறியிருக்கும், சாலை மேம்பட்டிருக்கும். நல்ல வேளையாக, செல்போன் மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997 ஜனவரியில் வந்தது. கண்ணூருக்கு 1998 ஜூலையில் வந்தது. காசர்கோட்டுக்கு 2000 மே மாதத்தில்தான் வந்தது. கோழிக்கோட்டில் விலை வேறுபாடு சுருங்கியபோது மற்ற இரண்டு இடங்களில் பழைய நிலையே இருந்தது. அடுத்துக் கண்ணூரில் போன் வந்த பிறகு கண்ணூரில் சுருங்கியது; காசர்கோட்டில் இல்லை. கடைசியில் காசர்கோட்டிலும் போன் வந்த பிறகே சுருங்கியது. மழையும் டீசலும் மூன்று மாவட்டங்களுக்கும் பொது. பொதுவான காரணம் ஒரு மாவட்டத்தை மட்டும், அதுவும் போன் வந்த மாதம் பார்த்து, மாற்றாது. ஆகவே மற்றக் காரணங்கள் கழிந்துபோயின.

போன் வராத மாவட்டம், வந்த மாவட்டத்துக்குத் தராசின் மறு தட்டாக இருந்தது. ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு எடை போட முடியாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அதற்குப் பிறகு வியாபாரம் குறைந்தது" என்பது ஒற்றைத் தட்டு.

இன்னொன்றும் உண்டு. ஒரு கரையில் கண்ட முடிவு எல்லாக் கரைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாகாது. முன்பணம் வாங்கிய மீனவர் பணம் கொடுத்த தரகரிடமே மீனைப் போட வேண்டிய இடத்தில், கையில் போன் இருந்தும் படகைத் திருப்ப முடியாது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மிளகாய்க்கு முன்பணம் வாங்கிய சம்சாரி எந்தக் கமிஷன் மண்டிக்கு மூடையைக் கொண்டு வருவார் என்று அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

நம் ஊரில் 2017

இப்போது நம் அனுபவத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று சொன்ன வணிகர் பலர். காரணம் கேட்டால் பெரும்பாலோர் ஜி.எஸ்.டி. என்றார்கள். அந்த வரி 2017 ஜூலை 1 அன்று வந்தது. ஆனால் அதற்கு முன் 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதே பருவத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடும் நம் வட்டாரத்தில் மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு முழுவதும் கடையில் தெரியும்.

எட்டு மாதத்துக்குள் மூன்று அடி. எந்த அடி எவ்வளவு என்று "அதற்கு முன், அதற்குப் பின்" பார்த்தால் தெரியாது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. அப்போது பதிவு பெற்ற வணிகப் பெயர் இல்லாத அரிசிக்கும் பருப்புக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது, சோப்புக்கும் பற்பசைக்கும் பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம். வரிதான் காரணம் என்றால் வரியுள்ள சரக்கில் வீழ்ச்சி மிகுதியாகவும் வரியில்லாததில் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் விழுந்திருந்தால் வாங்குபவர் கையில் பணமே இல்லை என்று பொருள். அதுபோல, மழைதான் காரணம் என்றால் கிராமத்திலிருந்து வந்து வாங்குவோர் கணக்கு மிகுதியாக இறங்கியிருக்கும். மாதச் சம்பளக்காரர் கணக்கு அவ்வளவு இறங்கியிராது. 2017 பேரேட்டை வைத்திருப்போர் இன்றைக்கும் இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் அண்மையில் ஒன்று நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. அக்டோபரில் விற்பனை கூடியதைக் கண்டு வரிக் குறைப்பின் பலன் என்று சிலர் மகிழக்கூடும். ஆனால் ஆயுதபூஜை அக்டோபர் 1. தீபாவளி அக்டோபர் 20. தீபாவளி மாதத்தில் எந்த ஆண்டுதான் விற்பனை கூடவில்லை? வரி மாறாத சரக்குகள் எவ்வளவு கூடின என்று பார்த்து, அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதையே வரிக் குறைப்பின் கணக்கில் எழுத வேண்டும். மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. தீபாவளியிலிருந்து இத்தனை நாள் முன், இத்தனை நாள் பின் என்று ஒப்பிடுவதே முறை. நம் ஊரில் சித்திரைத் திருவிழாவுக்கும் இப்படியே.

கடையில் செய்து பார்ப்பது

இனி நடைமுறைக்கு ஒரு வழி. சரக்கை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் வியாபாரம் கூடுமா என்று ஒரு மளிகைக்காரர் அறிய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தெருவுக்கும் தொடங்கிவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர் இருக்கும் எட்டுத் தெருக்களைச் சீட்டில் எழுதி நாலு சீட்டை எடுக்கட்டும். அந்த நாலு தெருவுக்கு மட்டும் இரண்டு மாதம் கொடுக்கட்டும். எட்டுத் தெருவின் கணக்கையும் எழுதி வரட்டும். கொண்டு கொடுத்த தெருக்களில் 12 சதவீதம் கூடியது. கொடுக்காத தெருக்களில் 9 சதவீதம் கூடியது என்றால், இந்த ஏற்பாட்டின் பலன் 3 சதவீதமே. அந்த மூன்றில் கிடைக்கும் இலாபம் பையனின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் காணுமா என்று அடுத்துப் பார்க்கலாம். ஒப்பிடாமல் 12 சதவீதம் என்று நம்பியிருந்தால் இரண்டாவது வண்டியும் வாங்கியிருப்பார்.

தொடங்கும் முன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுதித் தேதி போட்டு வைப்பது நல்லது: "இத்தனை நாள் பார்ப்பேன், வேறுபாடு இத்தனை சதவீதத்துக்குக் குறைந்தால் இந்த எண்ணம் தவறு என்று விட்டுவிடுவேன்." இதுவே நாலாவது கேள்வி. எது நடந்தாலும் சரியென்றே ஆகும் கருத்து அறிவியல் கருத்து ஆகாது என்று கார்ல் பாப்பர் என்ற தத்துவ அறிஞர் 1934இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். தவறென்று காட்டக்கூடிய சோதனைக்கு உட்பட்டு அதில் தப்பிப் பிழைத்த கருத்துக்கே மதிப்பு. கூடினால் "பார்த்தீர்களா" என்பதும், குறைந்தால் "கண் திருஷ்டி" என்பதும் எந்நாளும் தோற்காத பேச்சு. ஆகவே எதையும் கற்றுத்தராத பேச்சு.

இன்னொரு எச்சரிக்கை. சில நாள் கணக்கை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு கல்யாண வீட்டுச் சிட்டை வந்தால் அந்த வாரத்துச் சராசரியே துள்ளிவிடும். அப்படிப்பட்ட மாதத்தில் 30 நாள் விற்பனையையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் தொகையைப் பார்த்தால் சாதாரண நாளின் நிலை தெரியும். ஒரே ஒரு பெரிய நாள் அதை அசைக்காது.

சங்கத்துக்கு ஒரு யோசனை

தனிக் கடைக்குச் சொன்னது சங்கத்துக்கும் பொருந்தும். அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் வணிகர் சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது "வணிகம் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது" என்று எழுதுவது வழக்கம். எத்தனை கடையில், எந்த மாதத்தில், எதோடு ஒப்பிட்டு என்று எதிரில் இருப்பவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும். கூட்டத்தில் உரக்கப் பேசியவர் நாலு பேரின் கடையை வைத்து ஊரின் நிலையைச் சொல்ல முடியாது. அது கிளறாத பானை.

உறுப்பினர் பட்டியல் முழுவதையும் எடுத்து, சீட்டுக் குலுக்கி ஐந்தில் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கலாம். கடந்த ஆண்டில் மூடிப்போன கடைகளின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் கடைகளை மட்டும் கேட்டால், தாக்குப்பிடித்தவர் கதை மட்டுமே கிடைக்கும். அடி பலமாக விழுந்தவர் கணக்கில் வரமாட்டார். விற்பனையை ரூபாயில் சொல்ல வணிகர் தயங்குவார், அது இயல்பே. ஆகவே ரூபாயைக் கேட்க வேண்டாம். சென்ற ஆண்டு இதே பருவத்து விற்பனையை 100 என்று வைத்து இந்த ஆண்டு எவ்வளவு என்று மட்டும், பெயர் எழுதாத தாளில் வாங்கலாம். நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் ஒப்பிட ஒன்றும் இராது. ஆண்டுக்கு இரண்டு முறை, மிளகாய் வரத்துக் காலத்தில் ஒன்றும் தீபாவளி முடிந்த பிறகு ஒன்றும், ஒரே கேள்விகளோடு தவறாமல் எடுத்து வர வேண்டும். வந்த முடிவு நம் கோரிக்கைக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் இதழில் வெளியிட வேண்டும். பாதகமான எண்ணையும் மறைக்காத சங்கம் சாதகமான எண்ணைச் சொல்லும்போதுதான் அதற்கு மதிப்பு இருக்கும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டு, சில சீட்டுகள், பொறுமை ஆகியவை போதும். சரக்கை வாங்கும்போது மூடையைக் குத்தூசியால் நாலு இடத்தில் குத்தி எடுத்துப் பார்க்கிறோம். தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். காதில் விழும் காரணங்களையும் அதே கண்டிப்போடு பார்த்த பிறகே கல்லாவைத் திறப்போமாக.